எரிவாயு தேடித் துளை போட வருகிறார்களாம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் உள்பகுதியிலும் கரூ என்ற வறண்ட பகுதியிலும் எரிவாயு தேடும் பேச்சு மறுபடி சூடுபிடித்திருக்கிறது, நம் ஆட்கள் பலர் அங்கே தோட்டம் வைத்திருக்கிறார்கள். நான் நிலத்தடி நீர்த் துறைக்காரன், அதனால் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

"வெறும் சோதனைத் துளைதான், ஃபிராக்கிங் கிடையாது என்று கூட்டத்தில் சொன்னார்கள். நம்பலாமா அய்யா?" (பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே காய்கறித் தோட்டக்காரர்)

எந்த மாதிரித் துளை என்பதைப் பொறுத்தது. பாறையை உருளை உருளையாக வெட்டி மேலே எடுத்துப் பார்ப்பது ஒரு வகை, அதில் ஃபிராக்கிங், அதாவது தண்ணீரை அழுத்தி அடித்துப் பாறையை உடைப்பது, இல்லை என்பது உண்மைதான். அடுத்த கட்டம் வேறு. ஷேல் என்ற இறுகிய களிப்பாறையில் வாயு அடைபட்டுக் கிடக்கும், தானாக ஓடி வராது. எவ்வளவு வரும் என்று அளக்க வேண்டுமானால் பாறையை உடைத்தே ஆக வேண்டும், அப்போது அந்தச் "சோதனை"யே ஃபிராக்கிங் ஆகிவிடும். அதனால் கூட்டத்தில் வாயால் சொன்னதை விட்டுவிடுங்கள். வாயு எவ்வளவு வரும் என்று அளக்கும் ஃப்ளோ டெஸ்ட் உண்டா, எத்தனை துளை, தண்ணீர் எங்கிருந்து, வேலை முடிந்ததும் துளையை எப்படி அடைப்பீர்கள் என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

"எங்கள் போர்ஹோல் 80 மீட்டர்தான். அவர்கள் போவது 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு. எங்கள் தண்ணீருக்கு என்ன ஆகப் போகிறது?" (ஹோவிக் பக்கம் ஓர் அம்மா)

அம்மா, இடையில் அவ்வளவு பாறை இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஆழத்தில் உண்டான வெடிப்பு உங்கள் கிணறு வரை ஏறி வருவதைவிட, உங்கள் நீர்மட்டத்தைக் கடந்து கீழே போகும் எரிவாயுக் கிணற்றின் இரும்புக் குழாயைச் சுற்றிய சிமெண்டு சரியாகப் பிடிக்காமல் போவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. அப்புறம், மேலே திரும்பி வரும் உப்பு நீரைத் தேக்கும் குட்டை கசிவது, லாரி கவிழ்வது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எரிவாயுக் கிணறுகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் இருந்த வீட்டுக் கிணறுகளில் மீத்தேன் கூடுதலாக இருந்தது.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. நம் பாறைகளுக்குள் டாலரைட், அதாவது உருகி ஏறி உறைந்த எரிமலைக் குழம்புப் பாறை, சுவர் சுவராகச் செங்குத்தாக ஊடுருவி நிற்கிறது. அந்தச் சுவரின் ஓரத்தில் பாறை வெடித்திருக்கும், தண்ணீர் அங்கேதான் கிடைக்கும், போர்ஹோல் போடுகிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். மேலே தண்ணீர் தரும் அதே வெடிப்பு கீழே எவ்வளவு ஆழம் போகிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அலிவால் நார்த்தில் வெந்நீர் ஊற்று பொங்குகிறதே, அது ஆழத்திலிருந்து ஏறி வரும் தண்ணீர்தான். அதனால் "வழியே கிடையாது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று, அதுவும் துளைப் பொறி வருவதற்கு முன்னால்: உங்கள் தண்ணீரை இப்போதே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் கெட்டால் "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சொல்வார்கள், அதற்கு உங்களிடம் தாள் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மின்கடத்துதிறன், குளோரைடு, சோடியம், பேரியம், ஸ்ட்ரோன்ஷியம், கரைந்த மீத்தேன் இத்தனையும் கேளுங்கள். பம்பைப் போட்டதும் வரும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அது குழாயில் தேங்கிக் கிடந்தது. வெப்பமும் மின்கடத்துதிறனும் மாறாமல் ஒரே அளவில் நிற்கும் வரை ஓடவிடுங்கள். மீத்தேனுக்கான குப்பியை ஆய்வகமே தரும், ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள். மழைக்குப் பின் ஒரு தடவை, வறட்சியில் ஒரு தடவை. நீர்மட்டத்தையும் அளந்து, தேதியோடு படம் எடுத்து, பக்கத்துத் தோட்டக்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தனியாகச் செய்தால் செலவு கடிக்கும், நான்கைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து அனுப்பினால் குப்பியைக் கொண்டுபோகும் செலவாவது மிச்சமாகும்.

"என் நிலம், நான் முடியாது என்றால்?" (எஸ்ட்கோர்ட்)

நிலம் உங்களுடையது, அடியில் உள்ள எரிவாயு உங்களுடையது இல்லை. 2002-ஆம் ஆண்டுக் கனிம, பெட்ரோலிய வளச் சட்டப்படி அது மக்கள் எல்லாருக்கும் பொதுவான சொத்து, அரசு அதன் காவலர். ஆனால் உங்களைக் கலந்து பேசாமல் போக முடியாது, குத்தகைக்காரரையும்தான். பேருக்குக் கூட்டம் போட்டால் அது கலந்தாலோசனை ஆகாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2010-இல் பெங்வென்யாமா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கரூ மக்கள் தொடுத்த வழக்கில்தான் 2019-இல் புளூம்ஃபோன்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு 2015-இல் கொண்டுவந்த ஃபிராக்கிங் விதிகளையே ரத்து செய்தது. போராடினால் நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"நெடுவாசல், மன்னார்குடியில் நடந்ததும் இதுவும் ஒன்றா சார்?" (தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்த தம்பி)

முறை மாறும். மன்னார்குடியில் எடுக்க நினைத்தது நிலக்கரிப் படுகை மீத்தேன், அதற்கு முதலில் படுகையிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ள வேண்டும், டெல்டாக்காரர்கள் பயந்தது அதைத்தான். இங்கே ம்புமலாங்கா மாகாணத்தில் அமெர்ஸ்ஃபோர்ட் பக்கம் தேடுவதில் அந்த வகையும் உண்டு. கரூவில் பேசுவது ஷேல், அங்கே தண்ணீரை உள்ளே அடிக்க வேண்டும், ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டர் சாதாரணமாக ஆகிவிடும். போஃபர்ட் வெஸ்ட் ஊரில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் ஆலை 2011 முதல் இருக்கிறது, அப்படிப்பட்ட வறண்ட பூமி அது.

"நிறைய எரிவாயு இருக்கிறதாமே, நாடு முன்னேறாதா?"

2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் கரூவில் 390 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிட்டது. பிறகு இங்கேயே துளையிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2017-இல் 13 லட்சம் கோடி என்றார்கள். டாலரைட் உருகிப் பாய்ந்தபோது அந்தச் சூட்டிலேயே வாயுவில் நிறைய போய்விட்டது. மின்சாரம் போய்ப் போய் வந்த ஊரில் எரிவாயு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பழைய பெரிய எண்ணைக் காட்டி உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் புதியதையும் கேளுங்கள்.

"அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் வந்தது, எங்கள் வேலையாட்கள் சுலுக்காரர்கள்."

விடாதீர்கள், இது பெரிய விஷயம். வைல்ட் கோஸ்ட் என்ற கடலோரத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்குக் கொடுத்த தேடல் உரிமையை மக்காண்டா உயர் நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தபோது, ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் பத்திரிகை விளம்பரம் கொடுத்தது கடலோர ஷோசா மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் ஒரு காரணம். சுற்றுச்சூழல் ஆலோசகருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: அறிவிப்பு சுலுவிலும் வேண்டும், வேலையாட்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டம் வேண்டும், எங்கள் எல்லார் பெயரையும் பாதிக்கப்படுவோர் பட்டியலில் சேருங்கள் என்று. பட்டியலில் பெயர் இருந்தால் முடிவை உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும், மேல்முறையீட்டுக்கு அதிலிருந்து 20 நாள்தான்.