13,670 ரூபாய் சர்வீஸ் பில்: எதை நாமே செய்யலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: 2019-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். மதுரையில் வேலை, மாதம் 42,000 ரூபாய் சம்பளம். வண்டி இதுவரை 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் கம்பெனி சர்வீஸில் விட்டேன். 13,670 ரூபாய் ஆகிவிட்டது. இனி ஆயில் உட்பட எல்லாவற்றையும் நானே மாற்றிக்கொள்ளலாம் என்று யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃப்ளோர் ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், சாக்கெட் செட், ஃபில்டர் கழற்றும் கப் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா? பில்லை இணைத்திருக்கிறேன். டயர்கள் வண்டியோடு வந்தவைதான், இன்னும் மாற்றவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் காசு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாததால் போகவில்லை. வண்டிக்கு என்னென்ன வேலை என்று எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போது போயிருக்கிறது.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம். இன்ஜின் ஆயில் 1,650, ஆயில் ஃபில்டர் 140, பிரேக் ஆயில் 260, லேபர் 2,100, வீல் அலைன்மென்ட்-பேலன்சிங் 950, கன்ஸ்யூமபிள்ஸ் 250. இவை 5,350 ரூபாய். ஏர் ஃபில்டர் 310, ஏசி ஃபில்டர் 450, வைப்பர் 780. இவை 1,540. மீதி இருப்பவை: இன்ஜின் ஃப்ளஷ் 1,450, ஏசி கிருமிநீக்கம் 1,300, த்ராட்டில் பாடி கிளீனிங் 850, பெட்ரோலில் ஊற்றும் அடிட்டிவ் 380, அண்டர்பாடி கோட்டிங் 2,800. கூட்டினால் 6,780 ரூபாய், கிட்டத்தட்ட பில்லில் பாதி. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நீங்கள் கேட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள்.

வண்டியோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் இல்லாத வேலைக்கு, வண்டியில் ஒரு குறை தென்பட்டால் மட்டும் காசு கொடுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டி நிற்கும்போது, இன்ஜின் வேகம் (ஆர்.பி.எம்.) ஏறி இறங்கினால், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியைக் கிளீன் செய்வது நியாயமான செலவுதான். ஏசி போட்டதும் ஈர வாடை வந்தால் கிருமிநீக்கத்துக்கும் பொருள் உண்டு. வாடையே வராமலிருக்க, வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். உள்ளே ஈரம் காய்ந்துவிடும். அண்டர்பாடி கோட்டிங் தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டியது. மதுரை வெயிலில் ஆறு வயதைத் தாண்டிய வண்டிக்கு எதற்கு? கவனமில்லாமல் அடித்தால் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு, இல்லாத துருவும் வந்து சேரும்.

இனி உங்கள் 9,000 ரூபாய்க் கணக்கு. ஆயில், ஃபில்டர் விலை யார் மாற்றினாலும் ஒன்றுதான். நீங்களே மாற்றினால் மிச்சமாவது கூலி மட்டும். வருடம் ஒருமுறை ஆயில் மாற்ற வெளி மெக்கானிக் 500 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்தால், போட்ட முதலைத் திரும்ப எடுக்க 18 வருடம் ஆகும். உங்கள் வண்டியின் ஆர்.சி. 2034-இலேயே முடிந்துவிடும். கம்பெனி சர்வீஸின் 2,100 ரூபாயோடு ஒப்பிட்டால் நான்கைந்து வருடத்தில் முதல் வந்துவிடுவதுபோலத் தெரியும். ஆனால் அந்த லேபரில் லிஃப்டில் ஏற்றிக் கீழ்ப்பக்கம் பார்ப்பது, பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, சஸ்பென்ஷன் ஆட்டம் பார்ப்பது எல்லாம் அடக்கம். அவற்றை நீங்கள் வீட்டில் செய்யப்போவதில்லை. நேரத்தையும் சேருங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 210 ரூபாய். முதல் தடவை ஆயில் மாற்ற மூன்று மணி நேரம் ஓடிவிடும்: 630 ரூபாய். மெக்கானிக்கே மலிவு.

இதில் ஆபத்தும் இருக்கிறது. டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால், ஆயில் தேங்கும் சம்பின் மரை போய்விடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். வடித்த மூன்று லிட்டர் கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அது அபாயகரக் கழிவு.

ஆயிலை வெளி மெக்கானிக்கிடம் மாற்றுவதாக முடிவு செய்தால், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கிக் கொடுங்கள். போலி ஆயிலுக்குப் பஞ்சமில்லை. 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினுக்கு, "பழைய வண்டிதானே சார்" என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொரு வழக்கமான தவறு, டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்ப்பது. ஆயில் அளவுக் கம்பியில் மேல் குறியைத் தாண்டவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து நீங்களே பாருங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வருடம் 10,000 கி.மீ. ஓடாவிட்டாலும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்படியானால் நீங்களே செய்ய என்ன இருக்கிறது? வண்டிக்கு அடியில் போகத் தேவையில்லாத வேலைகள் எல்லாம்.

முதலில் ஏசி ஃபில்டர். பெரும்பாலான மாருதி கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் கீழே இறங்கும். பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவலாம். காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. இந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஃபேன் சத்தம் வரும், காற்று வராது, குளிர் குறையும். அதை கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துப் பலர் ஏசி கேஸ் நிரப்பக் காசைக் கொட்டுகிறார்கள். கடைக்குப் போகும் முன் ஃபில்டரை உருவிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரும் அப்படித்தான். பெட்டியின் கிளிப்புகளை எடுத்தால் கையில் வந்துவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தட்டியோ, சுத்தமான பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றடித்தோ தூசியை வெளியேற்றலாம். திரும்ப வைக்கும்போது ஓர ரப்பர் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இடுக்கு விட்டால் புழுதி நேராக இன்ஜினுக்குள் போகும். இந்த இரண்டு ஃபில்டரையும் நீங்களே மாட்டுவதால் கூலி மிச்சமாகாது, சர்வீஸ் லேபரில் அது அடக்கம்தான். எப்போது மாற்றுவது என்ற முடிவு உங்கள் கைக்கு வருகிறது, மிச்சம் அதில்தான். தட்டினால் போதும் என்ற நிலையில் இருப்பதைத் தூக்கிப்போட்டுப் புதியதற்குப் பில் போட முடியாது.

வைப்பரில் பிளேடு முழுவதும் மாற்றாமல் ரப்பரை மட்டும் மாற்ற முடியுமா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேளுங்கள். பிளேடைக் கழற்றும் முன் கண்ணாடி மேல் ஒரு துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் வந்து விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். பிறகு மிச்சம் பிடித்த கணக்கெல்லாம் வீண்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைப்பில் இருக்கையில் ப்ளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அது செலவுக்கு நியாயம் செய்யும். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சார்ஜ் முழுசாக இருக்கிறது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இந்த இரண்டு எண் தெரிந்தால், ஆல்டர்னேட்டர் கோளாறுக்குப் புதுப் பேட்டரியை உங்கள் தலையில் கட்ட முடியாது.

கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். குறைந்தால் அதே வகைக் கூலன்ட் ஊற்றலாம். நம் ஊர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைக்கும். மாதாமாதம் குறைந்தால் எங்கோ கசிகிறது. அது மெக்கானிக் வேலை, தள்ளிப்போட்டால் சேதம் இன்ஜினின் ஹெட் கேஸ்கட் என்ற சீல் வரை போகும்.

பிரேக் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது. மாற்றும்போது குழாயில் காற்று சிக்கினால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அளவு குறைந்திருக்கிறதே என்று நீங்களாக ஊற்றவும் வேண்டாம். பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்ததால்தான் அது இறங்கியிருக்கும், ஊற்றினால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகும். உங்கள் பில்லில் பிரேக் ஆயிலுக்குக் கொடுத்த 260 ரூபாய் முழுக்கச் சரியான செலவு.

இந்தப் பதிலைப் படிக்கும் புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வாரண்டி முடியும்வரை ஆயில் சர்வீஸைக் குறித்த காலத்தில் கம்பெனியிலேயே செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மாருதி 2024 ஜூலையிலிருந்து 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டி தருகிறது. 500 ரூபாய்க்காக அதில் வில்லங்கம் வாங்க வேண்டாம்.

அடுத்த முறை வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசரிடம், "அட்டவணையில் இருப்பதை மட்டும் செய்யுங்கள், கூடுதலாக எதுவானாலும் போன் செய்து, காரணம் சொல்லி, நான் சரி என்ற பிறகு செய்யுங்கள்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஆயில், ஃபில்டர், லேபர், கன்ஸ்யூமபிள்ஸ் மட்டும் என்றால் இதே விலையில் 4,140 ரூபாயோடு முடிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் சொன்ன டயர். எனக்குப் பில்லை விட அதுதான் கவலை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டிய ரப்பர், மேலே உள்ள காடி (பள்ளக் கோடு) மிச்சம் இருந்தாலும் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. காடிக்குள் உள்ள சிறு மேடு மேற்பரப்போடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம், சட்டப்படியும் அதற்குப் பிறகு ஓட்டக் கூடாது. நான்கு டயருக்குச் சுமார் இருபதாயிரம் ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையைச் சொன்னால் பேரம் பேசுங்கள். ஜாக்கி, ஸ்பேனருக்கு ஒதுக்கிய 9,000 ரூபாயை இதில் போடுங்கள். மீதியைச் சேர்க்க வருடக்கணக்கில் காத்திராதீர்கள், மழைக்காலத்துக்குள் மாற்றிவிடுங்கள். புது டயர் போட்டதும் அலைன்மென்ட், பேலன்சிங் எப்படியும் செய்தாக வேண்டும். அதுவரை ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்காதவரை அதற்காக இன்னொரு 950 ரூபாய் கொடுக்க வேண்டாம்.