சிறுவயதில் பட்டதை இத்தனை காலம் கழித்துச் சொன்னால் மனம் ஆறுமா?

சிறுவயதில் உறவினர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளான நீங்கள், நாற்பதை நெருங்கும் இந்த வயதில் அதை வெளியே சொல்வதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உறவினர் இன்றும் விசேஷங்களுக்கு வந்து போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே வகைக் கொடுமையை ஒன்பது வயதில் அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பயன் உண்டு. ஆனால் அது, கேட்டவர் அடுத்த நிமிடம் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

திருமணத்திற்குப் பிறகு முதன்முதலில் என் பெரியம்மாவிடம்தான் சொன்னேன். "அந்த மனுஷனே செத்துப் போயாச்சு, இனி எதுக்கு அதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு அவர் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார். அவர் என் மீது பாசம் உள்ளவர்தான். குடும்ப மானத்திற்கு அப்பால் யோசிக்க அவருக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை. ஆயினும் அந்த ஒரு பதில் பல ஆண்டுகளுக்கு என் வாயை அடைத்துவிட்டது.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில். எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் இருக்கிறோம். 1998இல் வறுமை ஒழிப்புக்காகக் கேரள அரசு தொடங்கிய ஏற்பாடு அது. 10 முதல் 20 பெண்கள், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடிச் சேமிப்பையும் கடனையும் பேசுவோம். மனக்காயத்தைப் பேசுவதற்காக ஏற்பட்ட இடம் அல்ல. ஆனால் யார் தாலிக்கொடியை அடகு வைத்தார், யார் வீட்டில் குடிப்பழக்கத்தால் தவணை நின்றது என்பதையெல்லாம் தெரிந்தும் வெளியே விடாமல் காப்பாற்றிய பெண்கள் அவர்கள். அந்த நம்பிக்கை பணத்தில் தொடங்கி வளர்ந்தது. ஒரு நாள் கணக்கு நோட்டை மூடிய பிறகு, ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைப் பற்றிய செய்தி பேச்சில் வந்தபோது, எனக்கு நடந்ததை நான் சொல்லிவிட்டேன்.

எங்களில் மூத்தவரான ஓர் அக்கா, யார் அவன் என்றோ, ஏன் அப்போதே சொல்லவில்லை என்றோ கேட்கவில்லை. "அம்மிணி, இன்னைக்கு ராத்திரி உன்கூட யார் இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார் என்று அறிந்ததும், தன் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து படுத்தார். நான் சொன்னதை அவர் நம்பினார் என்பதும், சொன்ன பிறகு வரும் இரவு எப்படிப்பட்டது என்பதை அவர் அறிந்தவர் என்பதும் அந்தக் கேள்வியிலேயே இருந்தன.

அந்த இரவின் கனத்தைக் கண்டு, சொன்னதே தவறோ என்று எண்ணிவிட வேண்டாம். 1986இல் வெளியான அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில், தம் வாழ்வின் கசப்பான நிகழ்ச்சிகளை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள், எழுதி முடித்த உடன் கூடுதல் வருத்தத்தோடுதான் இருந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவரைத் தேடிச் செல்வது குறைந்தது.

அதன்பின் எங்கள் கூட்டத்தில் வேறு சிலரும் பேசினார்கள். பேசாதவர்களை யாரும் தூண்டவில்லை. பாதியில் நிறுத்தியவரை முடிக்கச் சொல்லவும் இல்லை. ஒருவர் துன்பத்தை இன்னொருவர் துன்பத்தோடு அளந்து பார்ப்பது மட்டும் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஊர்க் கூட்டம் எல்லோருக்கும் ஏற்ற இடம் அல்ல; கொடுமை செய்தவரின் அக்காவோ மனைவியோ அதே பாயில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஆண்களுக்கோ இப்படி ஓர் இடமே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். இத்தகையவர்களும், கெட்ட கனவுகளோ உயிரை விடும் எண்ணமோ துரத்துபவர்களும், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எனக்கு மலையாளம் சரளமாக வரும். ஆயினும் ஒன்பது வயதில் அழுத அழுகையை அந்த மொழியில் ஆலோசகரிடம் சொல்ல வரவில்லை.

நீங்கள் ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். பிறருடைய துன்பத்தைப் பற்றி உங்களிடம் வம்பு பேசியிராத ஒருவராக அவர் இருக்கட்டும். "எனக்கு யோசனை வேண்டாம், கேட்டால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுநாள் அவசர வேலை எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள்.

அந்த உறவினர் இன்றும் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு வருகிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் கதையை யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. ஆனால் இப்போது ஒரு குழந்தைக்கு அவரால் கொடுமை நேர்ந்ததாகவோ நேரக்கூடும் என்றோ தெரிந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவரின் கடமை. எந்தக் கூட்டத்தின் இரகசியமும் அதற்குத் தடையாகாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.