டைட்டானியம் ஹைட்ரைடு தூளில் சின்டரிங்: கேள்வி பதில்

கேள்வி: சின்டர் செய்யும்போது, அதாவது அழுத்திய தூளை உருக்காமல் சுட்டுக் கெட்டியாக்கும்போது, ஹைட்ரஜன் எப்படியும் உலையில் வெளியேறிவிடும். அப்புறம் ஏன் டைட்டானியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரைடு தூள்? நேரடியாக டைட்டானியம் தூளையே அழுத்தலாமே?

பதில்: போகிற போக்கில் அந்த ஹைட்ரஜன் செய்துவிட்டுப் போகும் வேலைக்காகத்தான். டைட்டானியம் தூள் அச்சுக்குள் நசுங்கும், உடையாது. ஹைட்ரைடு நொறுங்கும், பொடிந்த சில்லுகள் இடுக்குகளில் போய் அடைந்துகொள்ளும். உலையில் 400 டிகிரியை ஒட்டி ஹைட்ரஜன் வேகமாகக் கிளம்பும்போது, துகள் மேலிருக்கும் ஆக்சைடில் கொஞ்சத்தை நீராவியாக்கி எடுத்துப்போகும். மூலப்பொருளான டைட்டானியம் ஸ்பாஞ்சிலிருந்து (தாதுவிலிருந்து எடுத்த நுண்துளை உலோகம்) வந்த குளோரைடு மிச்சமும் ஓரளவு குறையும். மிஞ்சுவது சுத்தமான மேற்பரப்பு. அதில் அணுக்கள் சுலபமாக நகரும். 1200 முதல் 1300 டிகிரியில் 98 சதவீத அடர்த்தி சாதாரணமாக வருகிறது. கீவ் நகரில் ஒரெஸ்ட் இவாசிஷின் குழுவினர் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள்.

கேள்வி: 90 கிராம் ஹைட்ரைடு, 10 கிராம் அலுமினியம்-வனேடியம் கலவை (60:40) சேர்த்தேன். அலுமினியம் 6 சதவீதம் வர வேண்டும், சோதனையில் 6.2 என்று வருகிறது. தராசு தப்பா?

பதில்: தராசு சரிதான், கணக்குதான் இடிக்கிறது. ஹைட்ரைடின் எடையில் 4 சதவீதம் ஹைட்ரஜன். உங்கள் 90 கிராமில் டைட்டானியம் 86.4 தான். 93.8 கிராம் போடுங்கள்.

கேள்வி: அழுத்திய வில்லை உலையிலிருந்து வரும்போதே விரிசலோடு வருகிறது.

பதில்: அவசரம். 100 கிராம் ஹைட்ரைடு அறை வெப்பநிலைக் கணக்கில் சுமார் 48 லிட்டர் ஹைட்ரஜனைக் கக்கும். கூடவே பொருளின் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். வெளிப்புறம் முந்திச் சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்? 400 முதல் 700 வரை மெதுவாக ஏற்றுங்கள். கேஜில் அழுத்தம் எகிறினால் சூட்டை அங்கேயே நிறுத்தி, முள் இறங்கிய பிறகு தொடருங்கள். வேக்குவம் பம்ப்பின் வெளியேற்றக் குழாய் கட்டடத்துக்கு வெளியே போகட்டும், பக்கத்தில் தீப்பொறி எதுவும் வேண்டாம்.

கேள்வி: வேக்குவம் பம்ப் இல்லை. ஆர்கானை ஓடவிட்டால் போதாதா?

பதில்: போதாது. ஹைட்ரஜனில் பெரும்பகுதியை ஆர்கான் அடித்துச் செல்லும், மறுக்கவில்லை. கடைசி மிச்சம்தான் தொல்லை. கிரேடு 5 கலவையில் (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்ந்த டைட்டானியம்) 0.015 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கக்கூடாது. மீறினால் பொருள் முறியும். தவிர, துளைகள் மூடும்போது ஆர்கான் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அதே நண்பர்: யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜன் வாயுவிலேயே சின்டர் செய்கிறார்கள். வெற்றிடம் கட்டாயம் என்பது பழைய கதை.

பதில்: ஸாக் ஃபாங் குழுவின் முறையைச் சொல்கிறீர்கள். அருமையான முறைதான், ஆனால் நீங்கள் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். ஹைட்ரஜனில் சின்டர் செய்து, ஆறும்போது நடக்கும் கட்ட மாற்றத்தால் (அணுக்களின் அடுக்கு மாறுவது) நுண்ணிய படிக அமைப்பைப் பெறுகிறார்கள். கடைசிப் படி என்ன? வெற்றிடத்தில் ஹைட்ரஜனை உருவுவது! ஹைட்ரஜன் உலோகத்தில் கரையும், திரும்பி வரவும் செய்யும். ஆர்கான் கரையவே கரையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொருவர்: நானும் ஆர்கானில்தான் செய்கிறேன். பளபளவென்று வருகிறதே!

பதில்: பளபளப்பு தோலோடு சரி. குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். விளிம்பு மழுங்கிய உருண்டைத் துளைகள் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: எதன் மேல் வைத்துச் சுடுவது? அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தட்டு ஒட்டிக்கொள்கிறது.

பதில்: ஒட்டத்தான் செய்யும். அந்தச் சூட்டில் டைட்டானியம் அலுமினாவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கும். இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசிய தட்டு நல்லது. கிராஃபைட் மேல் நேரடியாக வைத்தால் கார்பன் ஏறும்.

கேள்வி: பொருள் வைக்கோல் நிறத்தில், ஓரத்தில் நீலமாக வந்தது. அழகாக இருக்கிறது, விட்டுவிடலாமா?

பதில்: சூடாக இருக்கும்போது காற்று பட்டதால் வந்த ஆக்சைடு நிறம் அது. மோதிரமென்றால் விடுங்கள். சுமை தாங்கும் பாகமென்றால் உலையின் கசிவைத் தேடுங்கள், அல்லது இன்னும் ஆறவிட்டுத் திறங்கள்.

கேள்வி: ஆர்கானில் செய்யலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: தூள் தீப்பிடித்தால் தண்ணீரா, கார்பன் டை ஆக்சைடா?

பதில்: இரண்டும் கூடாது. எரியும் டைட்டானியம் இரண்டிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு எரியும். உலர்ந்த மணல், அல்லது உலோகத் தீக்கான டி வகுப்பு அணைப்பான். மறுபடி சொல்கிறேன், பம்ப் குழாய் வெளியே.

கேள்வி: எலும்பில் பொருத்தும் திருகு செய்ய...

பதில்: அது மருத்துவக் கருவி விதிகள் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: ஹைட்ரஜன் முழுதும் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

பதில்: முன்னும் பின்னும் எடை போடுங்கள். மேலே சொன்ன 93.8க்கு 10 கலவையில் மசகு ஏதும் கலக்கவில்லை என்றால் எடை 3.6 சதவீதத்தை ஒட்டிக் குறைய வேண்டும். அந்தக் கடைசி 0.015 தராசில் தெரியாது. ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.