மலையேற்றப் பந்தயம்: ஜெட்டை எந்த உயரத்துக்கு வைப்பது?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். என்னுடையது 200 சிசி, ஏர்-கூல்டு, கார்புரேட்டர் பைக். இமயமலைப் பக்கம் ஒரு மலையேற்றப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தொடக்கம் 2,000 மீட்டர், முடிவு 4,000 மீட்டர் உயரம். இங்கே பைக் அருமையாக இழுக்கிறது. அங்கே என்ன மாற்ற வேண்டும்? உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தியை 100 என்று வைத்துக்கொண்டால், கோவையில் அது சுமார் 96. உங்கள் தொடக்கக் கோட்டில் 82, முடிவில் 67. எஞ்சின் ஒவ்வொரு முறையும் அதே கொள்ளளவு காற்றைத்தான் உறிஞ்சும், ஆனால் அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். கோவையில் 18 குதிரைத்திறன் தந்த பைக் உச்சியில் பன்னிரண்டு சொச்சம்தான் தரும். டியூனிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த இழப்பு இருக்கும். கெட்ட டியூனிங்கால் அதற்கு மேலும் இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

கார்புரேட்டரின் சிக்கல் என்னவென்றால், காற்று குறையும் அதே அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் மேலே போகப் போகக் கலவை ரிச் ஆகும், அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் கூடிவிடும். பிக்கப் மந்தமாகும், பிளக் கரி பிடிக்கும், முழு த்ராட்டிலில் மிஸ்ஸிங் அடிக்கும். பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகுதான் மெயின் ஜெட். கோவையில் உங்களுடையது 120 என்றால் (எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் வகை ஜெட்டுக்கான கணக்கு இது), 2,000 மீட்டருக்கு 115, 4,000 மீட்டருக்கு 110 பொருந்தும். பந்தயத்தின் நடுவே நின்று ஜெட் மாற்ற முடியாது. எனவே 3,000 மீட்டருக்கான 112 போடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கும், உச்சியில் கொஞ்சம் ரிச்சாக இருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இதைத் தாங்கும். டூ-ஸ்ட்ரோக் வைத்திருக்கும் நண்பர்கள் இதைச் செய்ய வேண்டாம். தொடக்க உயரத்துக்கான ஜெட்டையே வைத்து, மேலே இழுவை குறைவதை ஏற்றுக்கொள்ளுங்கள். லீனாக ஓடினால் பிஸ்டன் சூடேறிச் சீஸாகிவிடும், அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்.

கிளம்பும்போது 110, 112, 115 மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். குளிரில் விரல் மரத்துப்போன நிலையில் கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தைக் கழற்றுவீர்கள், துவரம்பருப்பு அளவுள்ள பித்தளை ஜெட் சரளைக்கல்லில் விழுந்தால் கிடைக்காது. முதலில் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். "காற்று பத்தலை" என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அடர்த்திதான் குறைவே தவிர வழி அடைபடவில்லை. ஃபில்டரைக் கழற்றினால் தூசி சிலிண்டருக்குள் போகும், அவ்வளவுதான்.

கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) பைக் என்றால் சென்சாரே காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைப் பந்தயத்துக்கென மாற்றியிருந்தால் மட்டும், காற்றழுத்தத் திருத்தம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று டியூனரிடம் கேளுங்கள். சிலர் அந்தப் பகுதியைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

போன இழுவையைக் கொஞ்சமாவது மீட்கக் கியரிங்தான் வழி. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள், அல்லது பின்னால் மூன்று பல் கூட்டுங்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம் டயரும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்). கோவையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் தலையணை மாதிரி உப்பும். உங்கள் ஃபோர்க்குக்குள் அடைபட்ட காற்றும் அப்படித்தான், முன்பக்கம் விறைத்துவிடும். தொடக்க இடத்தில், முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, காற்றுத் திருகு இருந்தால் அதைத் திறந்து மூடுங்கள். டயரில் 2,000 மீட்டரிலிருந்து 4,000க்குள் உயரத்தால் மட்டுமே 2.5 பிஎஸ்ஐ போலக் கூடும். அதைக் கணக்கில் வைத்துத் தொடக்கத்திலேயே காற்றைச் சரிசெய்யுங்கள்.

காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற மலையில் நடக்கும் பந்தயம் நல்ல சான்று. 2,862 மீட்டரில் தொடங்கி 4,302 மீட்டரில் முடியும், 20 கிலோமீட்டர், 156 வளைவுகள். கார்லின் டன் 2012இல் பெட்ரோல் டுகாட்டியில் 9 நிமிடம் 52.8 வினாடியில் ஏறி, அங்கே பத்து நிமிடத்துக்குள் ஏறிய முதல் பைக் வீரர் ஆனார். மறு ஆண்டு மின்சார பைக்கில் வந்தார். நேரம் 10 நிமிடம் 0.7 வினாடி. ஆனால் அன்று ஓடிய பெட்ரோல் பைக்குகள் எல்லாவற்றையும் இருபது வினாடிக்கும் மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டார். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அடியில் இருந்த அதே வலு உச்சியிலும் இருந்தது.

ஆனால் ஓட்டுபவருக்குக் காற்று தேவை. எனக்கு உங்கள் பைக்கைவிட இதில்தான் கவலை அதிகம். இழுவை குறைவது கைக்கு உடனே தெரியும். கணிப்பு மந்தமாவது உங்களுக்கே தெரியாது. பிரேக் பிடிக்கும் இடத்தை அரை நொடி தாமதமாக முடிவு செய்வீர்கள், சரியாகச் செய்ததாகவே தோன்றும். அதுவும் கடைசிக் கிலோமீட்டர்களில், கை கால் ஓய்ந்து, காற்று மிகக் குறைவாக இருக்கும்போது. 2019இல் கார்லின் டன் அதே மலையில், முடிவுக்குக் கால் மைல்கூட இல்லாத இடத்தில் விழுந்து இறந்தார். உயரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரி இடத்தில் தவறுக்கு இடமே இல்லை. அதற்குப் பிறகு அங்கே பைக்குகளுக்கு அனுமதி இல்லை.

உடலைப் பழக்க நாட்கள்தான் மருந்து. பந்தயத்துக்கு ஐந்தாறு நாள் முன்பே போய்விடுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம். முதல் இரண்டு நாள் பைக்கைத் தொடாமல் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தவிருங்கள். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அங்கேயே நில்லுங்கள், மேலே ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. பந்தயத்தின்போது வளைவுகளில் மூச்சை அடக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வளைவுக்குள் நுழையும்போதே வேண்டுமென்று மூச்சை வெளியே விடப் பழகுங்கள்.

டயமாக்ஸுக்கு வருகிறேன். சுற்றுலா போகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போடும் மாத்திரை அது. உங்கள் நிலை வேறு. அதிலுள்ள அசிட்டசோலமைடு சிறுநீர் பெருக்கி என்பதால் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, பந்தய நாளில் மட்டுமல்ல, எப்போதுமே. விரல் நுனிகள் மரமரப்பதும் அதன் வழக்கமான பக்க விளைவு. த்ராட்டில் பிடிக்கும் கைக்கு அது நல்லதல்ல. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. மருத்துவர் கட்டாயம் வேண்டும் என்று சொன்னால், மருத்துவ விலக்கு அனுமதி வாங்கிய பிறகே போடுங்கள். அந்த அனுமதிக்கு நேரம் பிடிக்கும், பைக்கை ரயிலில் ஏற்றுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.