கொடுக்கல் வாங்கல்: அண்ணன் அனுப்பாத துணி

கேள்வி: திண்டுக்கல்லில் ஆறு மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு மெட்ரிக் பள்ளிகள் என் வாடிக்கை. ஒன்பது வருடமாக ஈரோட்டு மொத்த வியாபாரி ஒருவரிடம்தான் துணி எடுக்கிறேன். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட மீட்டர் குறைந்ததில்லை. இந்த வருடம் மார்ச் 24-ல் வங்கி வழியாக 2,00,000 ரூபாயும், ஏப்ரலில் இரண்டு நாளாகப் பிரித்து ஜிபேயில் 1,40,000 ரூபாயும் அனுப்பினேன். துணி வரவில்லை. 'பில்வாரா மில்லுல லேட்டு' என்றார். பிறகு 'லாரி கிளம்பிடுச்சு' என்று பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஜூனில் பள்ளியும் திறந்துவிட்டது. இப்போது போன் செய்தால் அண்ணி எடுத்து 'குளிக்கிறாங்க' என்கிறார். வீட்டுக்காரர் போலீசுக்குப் போகச் சொல்கிறார். ஒன்பது வருட உறவை முறித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அம்மா, ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார்! அந்த வரியைப் படித்ததும் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் கூசிப்போனேன். என் வீட்டிலும் ஒரு காலத்தில் இப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். என் விஷயத்தில் அது 'கோயிலுக்குப் போயிருக்காங்க'.

இந்தப் பக்கத்தில் இதுவரை நான் ஏமாந்த கதைகளைத்தான் எழுதியிருக்கிறேன். இது மறுபக்கம். அப்போது திருப்பூரில் பனியன் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். 2011 ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யல் ஆற்று மாசு வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கலர் பனியனுக்கு நான் நாலு ஊர்க்காரர்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். துணி குடோனில் வெள்ளையாகக் கிடந்தது, சாயம் போட இடமில்லை. வாங்கிய பணம் நூலுக்குப் போய்விட்டது. முதல் மாதம் நான் சொன்ன காரணம் சத்தியமான உண்மை. மூன்றாம் மாதம் சொன்னது பொய். அதற்குள் வெளியூரில் சாயம் போட்டு ஒரு லோடு வந்து இறங்கியிருந்தது.

அதை யாருக்குக் கொடுத்தேன் தெரியுமா? மதுரைக்காரர் ஒருவர் வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். சத்தமே போட மாட்டார். டீ குடிப்பார், பேப்பர் படிப்பார், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'நமக்கு இன்னும் சரக்கு வரலீங்க' என்பார். லோடு அவருக்குப் போனது. கோவில்பட்டிக்காரர் ஒருவர் பத்து வருடப் பழக்கம். 'உங்க கஷ்டம் தெரியாதா, மெதுவா அனுப்புங்க' என்றவர். அவர் கணக்கைத் தீர்க்கப் பதினாலு மாதம் எடுத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கோபமோ கெட்ட எண்ணமோ கிடையாது. பொறுத்துக்கொள்வார் என்று தெரியும், அதனால் கடைசியில் வைத்தேன்.

உங்கள் ஈரோட்டு அண்ணனிடமும் இப்படி ஒரு வரிசை இருக்கும். வங்கிக்காரர், பில்வாரா மில்லின் ஏஜென்ட், வாசலில் உட்காரும் யாரோ ஒருவர் எல்லாம் முன்னால் நிற்கிறார்கள். மொய் எழுதிய தங்கச்சி கடைசியில் நிற்கிறீர்கள். அந்த வரிசையில் முன்னால் வருவதுதான் இப்போது உங்கள் வேலை. உறவு இருக்கட்டுமா போகட்டுமா என்பதைப் பணம் கைக்கு வந்தபின் யோசிக்கலாம்.

அதற்கு முன், ஆள் கடனில் முங்கிக்கொண்டிருக்கிறாரா, திட்டம் போட்டே வாங்கினாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், லாகின் செய்யாமலேயே, பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்தத் தேதியில் ரத்தானது, கடைசியாக எந்த மாதம் ரிட்டர்ன் போட்டார் என்பதெல்லாம் தெரியும். பிப்ரவரியிலேயே பதிவு ரத்தாகி, மார்ச் 24-ல் உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் கதையே வேறு. ரிட்டர்ன் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் கடை ஓடுகிறது, உங்களுக்குத்தான் துணி இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது அந்த லாரி. பில்வாரா இருப்பது ராஜஸ்தானில். அங்கிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு கிளம்பினால் இ-வே பில் இல்லாமல் வர முடியாது. அது சரக்கோடு வர வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, அதற்கு 12 இலக்க எண் உண்டு. எல்.ஆர். என்பது லாரி ஆபீஸ் போடும் சரக்கு ரசீது. 'அண்ணே, இ-வே பில் நம்பரும் எல்.ஆர். காப்பியும் அனுப்புங்க, இங்க லாரி ஆபீஸ்ல கேட்டுப் பாக்குறேன்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். லாரி உண்மையானால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். வராவிட்டால் அந்த மௌனமும் ஒரு பதில்தான். இன்னொன்று, அவர் அனுப்பிய பில்லை வைத்து உங்கள் ஆடிட்டர் இன்புட், அதாவது துணிக்கான வரி வரவு, எடுத்துவிடப் போகிறார், உடனே நிறுத்துங்கள். சரக்கு கைக்கு வராமல் வரி வரவு எடுத்தால் நாளை வட்டியோடு கட்டப்போவது நீங்கள்.

இதெல்லாம் ஆனபிறகு நேரில் போங்கள், செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை நாள், கடையில் ஆளும் இருக்கும், கல்லாவில் காசும் இருக்கும். தனியாகப் போக வேண்டாம், வீட்டுக்காரரோடு போங்கள். உங்களை அவரிடம் அறிமுகப்படுத்திய ஏஜென்ட் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஜவுளியில் வியாபாரி போலீசுக்குப் பயப்படுகிறாரோ இல்லையோ, ஏஜென்ட் வாய்க்குப் பயப்படுவார். அடியாள், கட்டப்பஞ்சாயத்து என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மறுநாளே நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர்.

போனதும் 'என் பணம்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'கணக்கு டேலி பண்ணிக்கலாம் அண்ணே' என்று ஆரம்பியுங்கள். இன்ன தேதியில் இவ்வளவு வரவு, சரக்கு அனுப்பியது இல்லை, பாக்கி 3,40,000 என்று ஒரு தாளில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடன் இல்லை என்று சொல்லத் தயாராக இல்லாத மனிதர் இதில் கையெழுத்துப் போட்டுவிடுவார். சண்டை ஆரம்பித்தபின் போட மாட்டார். பணம் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் எழுதி வாங்கிய ஒப்புதல் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம்.

அப்புறம் கடை அலமாரியைக் கண்ணால் அளந்துவிடுங்கள். உங்கள் பள்ளியின் கட்டம் போட்ட துணி இருக்காது, ஆனால் வெள்ளைச் சட்டைத் துணியோ நேவி ப்ளூ பேன்ட் துணியோ இருக்கும். முறையாகப் பில் போட்டு, இருக்கும் துணியை அன்றைய ரேட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஷேடு மட்டும் பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள். காசு இல்லாதவரிடம் காசு கேட்டால் தேதிதான் கிடைக்கும். மீதிக்குப் பின்தேதியிட்ட செக்குகள், நாலைந்தாகப் பிரித்து. செக்கின் ஆயுள் மூன்று மாதம். திரும்பி வந்தால், வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்குப் 15 நாள் அவகாசம், அதுவும் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு தேதி தவறினாலும் வழக்கு தள்ளாடும், காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நடுவில் உங்களைச் சமாதானப்படுத்த ஐயாயிரம், பத்தாயிரம் அனுப்பினால் ரோஷப்பட்டுத் திருப்ப வேண்டாம். வங்கி வழியாக வாங்கிப் போடுங்கள். அந்த வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். முழுப் பேச்சையும் எக்ஸ்போர்ட் செய்து தனியாக வைத்துக்கொண்டு, வழக்கு முடியும்வரை போனையும் மாற்றாமல் இருங்கள்.

போலீஸைப் பற்றி. வாக்குத் தவறியதெல்லாம் மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே தரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். நாம் 420 என்று சொல்லிப் பழகிய குற்றம், 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர இந்தச் சிக்கல் மாறவில்லை. ஒன்பது வருடம் மீட்டர் குறையாமல் கொடுத்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையே அவர் வக்கீல் எடுத்துப் படிப்பார். ஜிஎஸ்டி தேதியோ பொய் லாரியோ பலமாக மாட்டினால் போங்கள். இல்லையென்றால் 'சிவில் மேட்டர்மா' என்று திருப்பி அனுப்புவார்கள், அது அவருக்குத் தெரிந்தால் குளியல் இன்னும் நீளும்.

நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குச் சரிப்படாது. விற்பதற்காக வாங்கும் சரக்குக்கு அங்கே இடமில்லை. சுயதொழிலுக்கு விலக்கு உண்டுதான், ஆனால் ஆறு மிஷின், கூலிக்கு ஆள் என்றால் வாதாடியே வருடம் போய்விடும். உங்கள் தொகை 3,00,000-ஐத் தாண்டியதால் இது வணிக வழக்கு. அவசரத் தடை எதுவும் கேட்காதவரை, வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 1,000 ரூபாய் கட்டி மனுக் கொடுத்தால் அவருக்கு அழைப்புப் போகும். துணி திண்டுக்கல்லில் வந்து இறங்க வேண்டும் என்பதுதானே பேச்சு, அதனால் திண்டுக்கல்லிலேயே கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். 15100-க்குப் போன் செய்து கேளுங்கள்.

பள்ளிகளை மறந்துவிட்டு இவரையே துரத்திக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு கரஸ்பாண்டென்டையும் நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். கட்டத் துணியை வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தால் அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள். சரக்குக் கொடுக்காததால் வந்த விலை வித்தியாசத்தையும் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு கடைக்கு, மொத்த விலையில் நைட்டி என்று 18,000 ரூபாய் ஜிபே செய்தேன். நேற்று முதல் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் வழிகள் எனக்குப் பொருந்துமா?
– வாசகி, கரூர்

பதில்: பொருந்தாது. நீங்கள் போய் உட்கார அவர்களுக்கு வாசல் இல்லை. கடிதம் எழுதும் நேரத்தில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்திருக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்கினால்தான் உண்டு. இப்போதாவது செய்யுங்கள், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.

கேள்வி: சொந்த வீடு கட்டுகிறேன். மழைக்காலத்தில் விலை குறைவு என்று போன நவம்பரில் சூளைக்காரரிடம் 10,000 செங்கல்லுக்கு 90,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். பாக்கெட் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். சூளைக்காரர் பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவர் மகன் 'அப்பா வாங்குனது எனக்குத் தெரியாது' என்கிறார். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கருமாதி முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன, கேட்கலாம். அந்த பாக்கெட் நோட்டுத் தாளை முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள், 'பாத்துட்டுத் தர்றேன்' என்று வாங்கி அடுப்பில் போட்டவர்களை எனக்குத் தெரியும். சூளைக்காரர்கள் பெரும்பாலும் தனியாக ஒரு நீள நோட்டு வைத்திருப்பார்கள், யாருக்கு எத்தனை லோடு என்று. கணக்குப்பிள்ளையோ கல் ஏற்றும் மேஸ்திரியோ இன்னும் அங்கேதான் இருப்பார். மகனிடம் போவதற்கு முன் அவரைப் பாருங்கள். உங்கள் பெயர் அந்த நோட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்பாவின் கடனை மகன் தன் சொந்தக் காசில் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அப்பா விட்டுப்போன சொத்து கைக்கு வந்திருந்தால் அந்த அளவுக்குக் கடனும் சேர்ந்தே வருகிறது. சூளையை இப்போது யார் நடத்துகிறார்கள், நிலம் யார் பெயரில் என்று விசாரியுங்கள். அவரே அதே சூளையை நடத்திக்கொண்டிருந்தால் 'தெரியாது' என்ற பேச்சு நிற்காது. மேலே திண்டுக்கல் அம்மாவுக்குக் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. குடியிருக்கக் கட்டும் நீங்கள் நுகர்வோர். தஞ்சாவூரில் மாவட்ட ஆணையம், 5,00,000 வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் இறந்தவரின் வாரிசு மேல் போடுவது என்பதால், சிவில் கோர்ட்டா ஆணையமா என்று வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், மகனிடம் பணமாகக் கேட்காதீர்கள், கல்லாகக் கேளுங்கள். 90,000 ரூபாயை எண்ணிக் கொடுக்க அவருக்கு வயிறு எரியும். சூளையில் அடுக்கிக் கிடக்கும் கல்லைக் கொடுப்பது அவ்வளவு வலிக்காது. 10,000-ஐயும் ஒரேயடியாகக் கேட்க வேண்டாம், முதலில் ஒரு லோடு. அது இறங்கும்போது அந்தத் தாளின் பின்பக்கமே 'ஒரு லோடு கொடுத்தது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதோடு அப்பா வாங்கியது மகனுக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி மழைக்குள் மீதியையும் இறக்கிவிடப் பாருங்கள், சுடாத பச்சைக் கல் நனைந்தால் சூளையில் அப்புறம் பொங்கல்வரை வேலை இருக்காது.