மூன்றாவது முறை சொறி பட்டபோது மூச்சு அடைத்தது

கேள்வி: எனக்கு 36 வயது. மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். பதினைந்து வருடமாகப் பாசி எடுக்கப் போகிறேன். முன்பு ஒருமுறை சொறி (ஜெல்லிமீன்) பட்டு எரிந்தது, மறுநாள் மறந்தே போனது. போன வருடம் பட்டபோது கை முழுக்கத் தடித்து ஒரு வாரம் அரித்தது. போன மாதம் முழங்கையில் லேசாகத்தான் உரசியது. பத்து நிமிடத்துக்குள் வயிறு, முதுகு எல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைத்த மாதிரி, வாந்தி, கண்ணும் இருட்டியது. கரைக்குக் கொண்டுவந்து மணலைத் தேய்த்தார்கள். அப்புறம் ஒரு கிளினிக்கில் ரெண்டு ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கரைவலை இழுப்பவர். அவருக்கு எத்தனையோ தடவை பட்டிருக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. "பட்டுப் பட்டுத்தான் பழகும்" என்கிறார். பழகுமா? நான் மறுபடி கடலுக்குப் போகலாமா? தேள், கதண்டுக் குளவி, செந்தட்டிச் செடி பட்டாலும் எனக்கு இப்படி ஆகுமா?

பதில்: பழகாது. உங்கள் உடம்பு பழகுவதற்கு நேர் எதிரான திசையில் போய்க்கொண்டிருக்கிறது. முதல் முறை எரிச்சல், இரண்டாவது முறை ஒரு வாரம் அரிப்பு, மூன்றாவது முறை மூச்சடைப்பு. நீங்கள் எழுதியிருக்கும் இந்த வரிசையே எனக்குப் பாதிக் காரியத்தைச் சொல்லிவிட்டது.

மீதிப் பாதியைச் சொன்னது தடிப்பு வந்த இடம். சொறி உரசியது முழங்கையில். தடிப்பு வந்தது வயிற்றிலும் முதுகிலும். பட்ட இடத்தில் மட்டும் எரிந்து தடித்தால் அது விஷத்தின் வேலை. படாத இடம் தடித்து, உதடு வீங்கி, வாந்தியும் மயக்கமும் வந்தால் அது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. அதிலும் உங்களுக்கு வந்தது அலர்ஜியிலேயே கடுமையான வகை. 'அனாபிலாக்சிஸ்' என்போம்.

இரண்டும் வேறு வேறு என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். சொறியின் நூல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் விஷம் தோய்ந்த குழல் ஒன்று சுருண்டு கிடக்கும். தோல் பட்டதும் உறை வெடித்துக் குழல் உள்ளே பாயும். கண் சிமிட்டும் நேரமெல்லாம் அதற்கு ரொம்ப அதிகம். அந்த விஷத்தால் வரும் வலி, எத்தனை நூல் பட்டது என்ற கணக்கைப் பொறுத்தது. கொஞ்சம் பட்டால் கொஞ்சம், நிறையப் பட்டால் நிறைய. அலர்ஜிக்கு இந்தக் கணக்கே கிடையாது. முன்பு பட்ட விஷத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியாகக் குறித்து வைத்திருக்கும். அடுத்த முறை துளி பட்டாலும் போதும், ஊரையே கூட்டிவிடும். இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், மூச்சுக்குழல் சுருங்கும்.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவ உலகம் இந்த அனாபிலாக்சிஸைக் கண்டுபிடித்ததே சொறியின் சொந்தக்காரர்களை வைத்துத்தான். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் நீலக் குமிழி போல மிதக்கும் ஒரு சொறியின் விஷத்தை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பியதும், சொறிக்கு உறவான கடல் தாமரை (சீ அனிமோன்) என்ற பிராணியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகச் செலுத்திப் பார்த்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது போலத்தான் அவர்களும் நினைத்தார்கள்: கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று. முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடி அதே போலக் கொஞ்சம் கொடுத்ததும் அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. 'காப்பு' என்பதற்கு எதிர்ப்பதமாக 1902-இல் அவர்கள் வைத்த பெயர்தான் அனாபிலாக்சிஸ். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

சரி, உங்கள் வீட்டுக்காரருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். சொறியால் இந்த அளவு அலர்ஜி வருவது அபூர்வம். வலை இழுத்துக் காய்த்துப்போன அவருடைய உள்ளங்கைத் தோலும் தடிமன், விஷக் குழல் ஆழமாக இறங்காது. அதை அவர் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார். அவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: காய்ந்துபோன வலையை உதறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். வலையில் ஒட்டிக் காய்ந்த சொறி நூலில் ஈரம் பட்டால் அது மறுபடி கொட்டும். கண்ணில் தெறித்துச் சிவந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மணல் தேய்த்த விஷயத்துக்கு வருகிறேன். அது கூடவே கூடாது. தோலில் ஒட்டிய நூலில் வெடிக்காத உறைகள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேய்த்தால் அத்தனையும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அதே கதைதான். மண்ணெண்ணெய், சிறுநீர் எல்லாம் வீண் வேலை. கடல் தண்ணீரையே ஊற்றி அலசுங்கள். ஒட்டியிருக்கும் நூலைக் கையுறை போட்டோ, சிமிட்டாவாலோ எடுத்துப் போடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீர், சுமார் 45 டிகிரி, இருபது நிமிடமாவது. வினிகர் எல்லாச் சொறிக்கும் ஆகாது. பெட்டி வடிவச் சொறிக்கு நல்லது. வேறு சிலவற்றில் உறைகளை அதுவே வெடிக்க வைத்துவிடும். எது பட்டது என்று தெரியாதபோது வெந்நீரே மேல்.

இந்த வெந்நீர் நம் கடற்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. திருக்கை முள், கெளிறு முள், ஓரா முள் குத்தினால் சூடு காட்டும் வழக்கம் முன்பிருந்தே உண்டு, அது சரியும்கூட. மீன் முள்ளின் விஷம் சூட்டில் கெட்டுவிடும். ஆனால் அளவு தெரிய வேண்டும். நாட்டுப்படகில் போன ஒருவர், திருக்கை குத்திய பாதத்தைப் படகில் டீக்குக் கொதித்த தண்ணீரிலேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தார். குத்திய வலியில் சூடு உறைக்கவில்லை. முள் குத்திய துளை ஒரு மிளகு அளவு. அதைச் சுற்றி மேல்பாதம் முழுக்கக் கொப்புளம். திருக்கைப் புண் இரண்டு வாரத்தில் ஆறியது, வெந்த புண்ணுக்கு இரண்டு மாதம் ஆனது. குத்துப்படாத காலை முதலில் விட்டுப் பாருங்கள், அது தாங்கினால்தான் இது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்திருக்கும் என்பதால் வேறொருவர் சூடு பார்க்க வேண்டும். திருக்கை முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும், ஆகவே வலி நின்றாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டுவர வேண்டும்.

இப்போது உங்கள் விஷயத்தில் முக்கியமான இடம். கிளினிக்கில் போட்ட அந்த 'ரெண்டு ஊசி' என்னென்ன? நம் ஊரில் வழக்கமாகப் போடுவது ஏவிலும் ஸ்டீராய்டும். அரிப்புக்கு ஏவில் கேட்கும். தொண்டை அடைத்து அழுத்தம் இறங்கும்போது உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரினலின் மட்டும்தான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும், பெரியவர்களுக்கு அரை மில்லி. விலையும் சொற்பம். குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, குளவி கொட்டி வந்த ஒருவருக்கு ஏவிலைப் போட்டுவிட்டு, அட்ரினலின் போட்டால் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நின்றேன். அவர் கை சில்லிட்டுக்கொண்டே போனது. அனுபவமுள்ள ஒரு நர்ஸ் அக்கா மருந்தை ஏற்றிய சிரிஞ்சை என் கையில் திணித்து "போடுங்க சார்" என்றார். ஐந்தாறு நிமிடத்தில் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. உட்காரவோ நடக்கவோ விடக் கூடாது, படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். தணிந்த பிறகும் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், இரண்டாவது அலை வரலாம்.

ஆகவே கடலுக்குப் போகலாமா என்பதற்கு என் பதில்: அலர்ஜி தெரிந்த ஒரு மருத்துவரைப் பார்க்கும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள். அதற்கப்புறமும் தீவுப் பக்கம் வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே போகத் தடை இருக்கிறது என்பது வேறு சங்கதி. நான் சொல்வது தூரத்தை. தீவிலிருந்து வள்ளம் கரை சேரும் நேரம் உங்களுக்கே தெரியும். உங்களுக்கு மூச்சு அடைக்கப் பத்து நிமிடம் போதும். வருமானத்தை விடச் சொல்வது எளிது, வீட்டில் உலை வைப்பவர் நீங்கள் என்பதும் தெரியும். கரையோரம் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் வேலையில், கயிறு கட்டுவது, காயவைப்பது என்று தண்ணீருக்கு வெளியே செய்வதும் நிறைய இருக்கிறது. அதற்கு மாற முடியுமா பாருங்கள். அங்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 'பாசி அரிப்பு' என்று நீங்கள் சொல்வது பல சமயம் பாசியால் வருவதல்ல. பழைய கயிற்றில் பூண்டுச் செடி மாதிரி கிளைத்து வளரும் ஹைட்ராய்டு என்ற பிராணி ஒன்று உண்டு, அது சொறிக்குத் தூரத்துச் சொந்தம், கொட்டவும் செய்யும். உங்கள் கூட்டாளிகள் இறங்கினால் விரலில் துணி சுற்றுவதோடு விடாமல் முழுக்கை, முழுக்கால் ஒட்டி நிற்கும் நைலான் உடை போடட்டும். ஆஸ்திரேலியாவில் கடல் காவலர்கள் பெண்கள் போடும் மெல்லிய நைலான் காலுறைகளை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கியதுண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த மெல்லிய துணியே குழலைத் தடுத்துவிடும்.

தேள், கதண்டு, செந்தட்டி மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். சொறி விஷம் வேறு, இவற்றின் விஷம் வேறு. ஒன்றுக்கு அலர்ஜி வந்ததால் மற்றதற்கும் வரும் என்று அர்த்தமில்லை. செந்தட்டி உரசினால் அதன் சுணையிலுள்ள படிக ஊசி தோலைக் கீறும். ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்துச் சுணையை எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். கதண்டு அப்படியல்ல. பனை மரத்துக் கூடு கலைந்து கூட்டமாகக் கொட்டினால், அலர்ஜியே இல்லாதவருக்கும் தசை கரைந்து சிறுநீரகம் பழுதாகலாம். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே ஓடிவர வேண்டும். செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும். கொட்டிய குழந்தைக்கு உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு மருத்துவர் பாவஸ்கர், பிரசோசின் என்ற சாதாரண இரத்த அழுத்த மாத்திரை இதில் உயிர் காக்கும் என்று 1980-களில் காட்டினார். சீக்கிரம் வந்தால்தான் அது உதவும்.

உங்களிடம் கேட்க இரண்டு விஷயம் பாக்கி. சின்ன வயதில் இளைப்பு (ஆஸ்துமா) இருந்ததா? பிரஷருக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா? சில பிரஷர் மாத்திரைகள் அட்ரினலினை வேலை செய்யவிடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையையும், அன்றைக்குக் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சீட்டு தொலைந்திருந்தால் அங்கேயே போய், அன்று போட்டது என்ன ஊசி என்று எழுதி வாங்கிவிடுங்கள்.