இலவச சீனப் பயணம்: கையெழுத்துக்கு முன் கேளுங்கள், பணம் யாருடையது?

கேள்வி: நான் திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மகன் யூடியூபில் பயண வீடியோ போடுகிறான். நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். மதுரை அண்ணா நகரில் ஒரு ஏஜெண்ட், சீனாவின் சின்ஜியாங் பகுதிக்குப் பத்து நாள் இலவசமாகக் கூட்டிப்போகிறேன், ஐந்து வீடியோ போட்டால் போதும் என்கிறார். என்னையும் துணைக்கு அழைக்கிறார். போகலாமா? என் வேலைக்கு வம்பு வருமா?

பதில்: உங்கள் வேலையை முதலில் பார்ப்போம் அம்மா. வெளிநாட்டார் செலவில் டிக்கெட், அறை, சாப்பாடு எதையும் அரசு ஊழியர் மத்திய உள்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஏற்கக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 6-வது பிரிவு. அந்த அனுமதி கேட்கும் எஃப்.சி-2 படிவத்தைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே இணையத்தில் போட வேண்டும். உங்கள் துறை அனுமதி தனி.

ஒரு விலக்கு உண்டு. போன இடத்தில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய், அவர்கள் செலவில் வைத்தியம் பார்த்தால் முன் அனுமதி வேண்டாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். இங்கிருந்தே கொண்டுபோன மூட்டுவலிக்கு அங்கே ஆபரேஷன் செய்துகொண்டால் அது இதில் வராது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அப்புறம், உங்கள் மகன். செய்தியாளர், பத்திரிகை ஆசிரியர், உரிமையாளர் என்று சட்டம் வரிசையாகச் சொல்லி, வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்கிறது. செல்போனோடு ஊர் சுற்றும் பையன் இதில் எங்கே சேர்த்தி? அதை அவனுக்கு நாலு வரி தமிழில் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் நேரமில்லை. வருஷக்கணக்காக இதைச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அவனிடம் யாரும் பொய் சொல்லச் சொல்ல மாட்டார்கள். உரும்சி கடைவீதி, காஷ்கர் பள்ளிவாசல், ஆட்டம், முலாம்பழம், எல்லாம் நிஜமாகவே அழகு. ஆனால் அதே பகுதியில் உய்குர் முஸ்லிம்களை அடைத்து வைத்த விதம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை தந்தது. அவர்களை அடைத்து வைத்த கட்டடத்துப் பக்கம் உங்கள் வண்டி போகாது. சீன அரசாங்கம் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். திருமங்கலத்துப் பையன் சொன்னால் கேட்பார்கள். அந்த முகத்துக்குத்தான் டிக்கெட்.

மேலூரில் என் அப்பா சிற்றலையில் சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பார். 1963-இல் தொடங்கியது அது. கடிதம் போட்டால் காலண்டர் வரும், மெல்லிய காகிதத்தில் வெட்டிய பூ வரும். உறையிலேயே அனுப்பியவர் யார் என்று அச்சிட்டிருக்கும். அதனால் அப்பா பாதியை ரசிப்பார், மீதியை ஆகாசவாணிச் செய்தியோடு ஒத்துப் பார்ப்பார். இப்போது உறையில் பெயர் இல்லை. நடுவில் ஏஜெண்ட் நிற்கிறார்.

இதுதான் எனக்குப் பெரிய பயம். ரஷ்ய அரசு ஊடகமான ஆர்.டி.யின் ஊழியர் இருவர் மீது 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். சுமார் ஒரு கோடி டாலர், டென்னசி மாநிலக் கம்பெனி ஒன்றின் வழியாக வீடியோ போடுபவர்களுக்குப் போயிருக்கிறது. பணம் ஓர் ஐரோப்பியப் பணக்காரருடையது என்றுதான் அவர்களிடம் சொன்னார்களாம். அப்படி ஓர் ஆளே இல்லை என்கிறது குற்றப்பத்திரிகை.

போன வருஷம் ஒரு பையன் கொண்டுவந்த ஒப்பந்தத்தில், நான்காம் பக்கத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது: வெளியிடும் முன் வீடியோவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், இல்லையென்றால் முழுச் செலவையும் திருப்பித் தர வேண்டும். அவன் முதல் பக்கத்தைத்தான் படித்திருந்தான். பாஸ்போர்ட் விசாவுக்குப் போய் வரலாம். 'வீடியோ முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது அரசின் சொத்து, ஏஜெண்டின் பிணையம் இல்லை.

நீங்கள் போக வேண்டாம் அம்மா. மகன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்கட்டும்: செலவு செய்யும் அமைப்பின் பெயர், முன் ஒப்புதல் கிடையாது என்ற வரி, வீடியோவின் தொடக்கத்திலேயே செலவு யாருடையது என்று சொல்லும் உரிமை. ஏஜெண்ட் தந்தால் அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். வாய்வார்த்தையாகச் சமாளித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.